சிங்கப்பூர் வேலையிடத்தில் மனச்சோர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழர்களுக்கும், அவர்களிடம் வேலை வாங்கும் மேலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் எழுதப்பட்டது. மருத்துவர் தரும் ஆலோசனைக்கு இது ஈடாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போதே மனத்தில் இருந்தால், மற்றதைப் படிப்பதற்கு முன் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767 என்ற எண்ணை அழையுங்கள். அது 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

வேலை அலுப்புக்கும் மனச்சோர்வு நோய்க்கும் என்ன வேறுபாடு?

வேலையில் களைத்துப் போவது நோயல்ல. மாதக் கடைசிக் கணக்கு முடிந்ததும், தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்ததும், கடுமையான மேற்பார்வையாளர் வேறு பிரிவுக்கு மாறியதும் மனம் இலேசாகிவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் அலுப்புதான். மனச்சோர்வில் அந்த ஓய்வு வேலை செய்வதில்லை. விடுமுறையிலும் மனம் எழுவதில்லை. பிடித்த உணவு, பிடித்த கிரிக்கெட் ஆட்டம், குழந்தையின் பேச்சு எதிலும் முன்பிருந்த ருசி இருப்பதில்லை.

மருத்துவர்கள் 9 அறிகுறிகளைப் பார்க்கிறார்கள்: தாழ்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கோளாறு, பசியிலோ எடையிலோ மாற்றம், ஓயாத அசதி, கவனம் நிலைக்காமை, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் அல்லது தேவையற்ற குற்றவுணர்வு, பேச்சும் நடையும் மந்தமாதல் அல்லது இருப்புக்கொள்ளாமை, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து, முதல் இரண்டில் ஒன்றையும் சேர்த்து, கிட்டத்தட்ட நாள்தோறும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, வேலையையோ குடும்பத்தையோ பாதித்தால் அதை மனச்சோர்வு நோய் என்று கணிக்கிறார்கள்.

வேலையினால் எரிந்து ஓய்ந்துபோகும் நிலையை, அதாவது ‘பர்ன் அவுட்’ என்று அலுவலகங்களில் சொல்லப்படுவதை, உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வேலை சார்ந்த ஒரு நிலையாக வரையறுத்தது. அதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. ஆனால் நீண்ட நாள் ஓய்ந்துபோனவருக்கு மனச்சோர்வும் வரலாம். ஆகவே ‘வெறும் பர்ன் அவுட்தான்’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது சரியல்ல.

வேலையிடத்தில் இது எப்படி வெளிப்படும்?

வீட்டில் முதலில் முகம் வாடுவது தெரியும். வேலையிடத்தில் முதலில் வேலை வாடுவது தெரியும். பத்து நிமிடத்தில் எழுதி அனுப்பிய மின்னஞ்சலை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது, சிறிய முடிவுகளைக்கூட எடுக்க முடியாமல் திணறுவது, கூட்டங்களில் வாய் திறக்காதது, மதிய உணவுக்குத் தனியாகப் போவது அல்லது போகாமலே இருப்பது, திங்கட்கிழமைகளில் எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) எடுப்பது, கணக்கிலும் அளவிலும் இதுவரை வராத தவறுகள் வருவது, சின்னச் சொல்லுக்கும் எரிந்து விழுவது என்று அது பல வடிவங்களில் தெரியும். ஆண்களில் பலருக்குச் சோகத்தைவிட எரிச்சலும் குடியும்தான் முன்னால் வந்து நிற்கும். சிலர் இதற்கு நேர்மாறாக, வீட்டில் சும்மா இருக்க அஞ்சி, இரவு பகலாக வேலையிலேயே மூழ்கிக் கிடப்பார்கள். அவர்களை யாரும் கவனிப்பதில்லை, பாராட்டித் தட்டிக்கொடுக்கவும் செய்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் வேலையிடத்தில் வேறு பெயர்கள் தயாராக இருக்கின்றன: சோம்பல், திமிர், அக்கறையின்மை, ‘ஆள் முன்ன மாதிரி இல்ல’. சிக்கல் என்னவென்றால், நோயாளியும் அந்தப் பெயர்களை ஒப்புக்கொண்டுவிடுகிறார். தன்னையே பழித்துக்கொள்வது இந்நோயின் அறிகுறிகளில் ஒன்று என்பதால், மேலாளர் ‘உங்களுக்கு அக்கறை இல்லை’ என்று சொல்லும்போது அவர் மறுப்பதில்லை. தலையாட்டிவிட்டு இருக்கைக்குத் திரும்பி, தான் இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று முடிவு கட்டுகிறார். நல்ல வேலைக்காரர் ஒருவரின் வேலை சில வாரங்களில் சரிந்தால், குணத்தைச் சந்தேகிப்பதற்கு முன் உடல்நலத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பதே இந்தப் பக்கத்தின் நிலைப்பாடு.

மகப்பேற்று விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்களை இங்கே தனியே குறிப்பிட வேண்டும். தூக்கமின்மை, பால் கொடுக்கும் நேரம், குழந்தையை விட்டு வந்த குற்றவுணர்வு எல்லாம் சேர்ந்திருக்கும்போது, பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை ‘புதுத் தாய்க்கு இதெல்லாம் சகஜம்’ என்று மாமியாரும் மேலாளரும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். அழுகையும் பதற்றமும் இரண்டு வாரங்களைத் தாண்டினால் அது சகஜமல்ல. பிரசவம் பார்த்த மருத்துவரிடமே முதலில் சொல்லலாம்.

எனக்கு உடம்புதான் வலிக்கிறது. மனத்தில் ஒன்றுமில்லையே?

நம்மவர்களில் பலர் மருத்துவரிடம் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிப் போவதில்லை. தலைபாரம், முதுகுவலி, நெஞ்சு அடைப்பது போன்ற உணர்வு, வயிற்றெரிச்சல், ‘உடம்பெல்லாம் ஒரே அசதி’ என்றுதான் போகிறார்கள். அந்த வலி கற்பனையானதும் அல்ல. தூக்கம், பசி, வலியுணர்வு ஆகியவற்றை மூளைதான் நெறிப்படுத்துகிறது என்பதால் மனச்சோர்வு உடம்பிலும் உண்மையாகவே வலிக்கும். மாற்றிச் சொன்னாலும் பொருந்தும்: தைராய்டு சுரப்பு குறைவது, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவை மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும். அதனால்தான் முதல் சந்திப்பில் மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால், உங்கள் பேச்சை அவர் நம்பவில்லை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இது அவ்வளவு பரவலானதா?

ஆம். மனநலக் கழகம் 2016இல் நடத்திய நாடளாவிய ஆய்வில் 16 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வு நோய் வந்திருந்தது. மனநோய் கண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் எந்த நிபுணரின் உதவியையும் நாடவில்லை. 2022ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வில் 18 முதல் 29 வயதுக்கு உட்பட்டவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனநலம் குன்றியிருந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் வயதும் அதுதான்.

இணையத்தில் உள்ள கேள்வித்தாள்களை நம்பலாமா?

பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாளை மருத்துவர்களே பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கடைசிக் கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு விடை வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். நோயைக் கணிப்பது மருத்துவர்தான். இந்தத் தாள் மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க உதவும்.

முதலில் யாரிடம் போவது? நிறைய செலவாகுமா?

முதல் படி மனநல மருத்துவமனையாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பக்கத்துப் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) போகலாம். இலேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு அங்கேயே சிகிச்சை கிடைக்கிறது. பலதுறை மருந்தகங்கள் சிலவற்றில் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். நிபுணரைப் பார்க்க வேண்டியிருந்தால், பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போகும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உதவித்தொகையுடன் கூடிய கட்டணம் கிடைக்கும். நேரே தனியார் நிபுணரிடம் போவதற்கும் இதற்கும் செலவில் பெரிய இடைவெளி உண்டு. மனச்சோர்வு 2009இலிருந்து நாட்பட்ட நோய்களுக்கான நிர்வாகத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பதால், ஆண்டு வரம்புக்கு உட்பட்டு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் பயன்படுத்தலாம்.

யாரிடமாவது பேசினால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய மனநல உதவி எண் 1771ஐ அழைக்கலாம். 6669 1771 என்ற எண்ணில் வாட்ஸ்அப் மூலமும் தொடர்புகொள்ளலாம். மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. பீட்டி சாலையில் உள்ள சிண்டாவை (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நாடும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. எங்கே போனாலும் தமிழில்தான் மனம்விட்டுப் பேச வரும் என்றால் அதைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஓகே’ என்று முடித்துவிடும் ஒருவர், தமிழில் அரை மணி நேரம் பேசுவதுண்டு.

கம்பெனி மருத்துவரிடம் போனால் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடாதா? வேறு மருத்துவரிடம் எம்.சி. வாங்கலாமா?

வாங்கலாம். 2019 ஏப்ரல் முதல், சிங்கப்பூரில் பதிவுபெற்ற எந்த மருத்துவர் தரும் சான்றிதழையும் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புக்கு முதலாளி ஏற்றுக்கொள்ள வேண்டும். கம்பெனி மருத்துவராகவோ அரசாங்க மருத்துவ நிலையமாகவோ இல்லாவிட்டால் ஆலோசனைக் கட்டணத்தை முதலாளி திருப்பித் தர வேண்டியதில்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் பலர் இங்கே தயங்கி நின்றுவிடுகிறார்கள்.

வேலை நியமனச் சட்டத்தின்படி ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பும், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அந்த 14 நாளையும் சேர்த்து 60 நாள் வரையிலும் உண்டு. மூன்று மாதம் முடிந்ததிலிருந்தே குறைந்த அளவில் இந்த உரிமை தொடங்கிவிடுகிறது. உடல்நோய்க்கும் மனநோய்க்கும் இதில் வேறுபாடு இல்லை. 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். படுக்கையை விட்டு எழ முடியாத நாள்களில் மறந்துபோவது இதுதான். ஒரு வரிக் குறுஞ்செய்தியை முன்கூட்டியே எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொள்வது நல்லது. சான்றிதழில் பொதுவாக நோயின் பெயர் இருப்பதில்லை. பெயர் எழுதப்படுவதை நீங்கள் விரும்பாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மேலாளரிடம் சொல்ல வேண்டுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்று சுவரொட்டிகள் சொல்கின்றன. ‘வாயைத் திறக்காதே, பதவி உயர்வு போய்விடும்’ என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல. சொல்ல வேண்டிய சட்டக் கடமை பொதுவாக உங்களுக்கு இல்லை. ஆனால் ஒன்றுமே சொல்லாமல் வேலை மட்டும் சரிந்துகொண்டிருந்தால், அந்த மௌனத்தை மேலாளர் தமக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்வார்.

நோயின் பெயரைச் சொல்லாமல், உங்களுக்கு என்ன தேவை என்பதைச் சொல்வதே பெரும்பாலான வேலையிடங்களில் நல்ல வழி. எடுத்துக்காட்டாக, ‘உடல்நலப் பிரச்சினை ஒன்றுக்குச் சிகிச்சை பெற்று வருகிறேன். அடுத்த இரண்டு மாதங்களுக்கு வியாழக்கிழமை பிற்பகலில் மருத்துவச் சந்திப்பு இருக்கும். காலையில் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கி மாலையில் ஈடுசெய்ய அனுமதி வேண்டும்’ என்று சொல்லலாம். இதில் பொய் இல்லை, ஒப்புதல் வாக்குமூலமும் இல்லை. கேட்பது எவ்வளவு காலத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால் மேலாளருக்கும் ஒப்புக்கொள்வது எளிது. பேசி முடித்த பிறகு ஒரு சிறு மின்னஞ்சலில் அதை எழுதி அனுப்பிவிடுங்கள்.

நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகள் குறித்து அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து வகுத்த வழிகாட்டிகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறைப்படி எழுதிக் கேட்டால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் விடை தர வேண்டும். மறுத்தால் வேலை சார்ந்த காரணத்தைக் கூற வேண்டும். கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் ‘அதெல்லாம் இங்கே வழக்கமில்லை’ என்பது இனி ஒரு விடை ஆகாது.

நோயின் பெயரையே சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. பளுதூக்கி இயக்குபவர், பேருந்து ஓட்டுநர், உயரத்தில் சாரக்கட்டில் நின்று வேலை செய்பவர், அறுவைச் சிகிச்சைக் கூடத்துத் தாதி ஆகியோரின் கவனக்குறைவோ மருந்தினால் வரும் தூக்கக் கலக்கமோ இன்னோர் உயிரைப் பாதிக்கலாம். இவர்கள் தங்கள் வேலை என்ன என்பதை மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்லி, எந்தப் பணியை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வது எல்லாருக்கும் பாதுகாப்பு.

வேலை விண்ணப்பத்தில் மனநோய் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். என்ன எழுதுவது?

வேலையைச் செய்வதற்கு நேரடித் தொடர்பில்லாமல் அப்படிக் கேட்பது நியாயமான வேலை நடைமுறைகளுக்கு எதிரானது. அதைப் பற்றி, அந்த நடைமுறைகளைக் கவனிக்கும் டஃபெப் அமைப்பிடம் முறையிடலாம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைச் சட்ட மீறலாக்குகிறது. அது நடப்புக்கு வந்த பிறகும், தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. நம்மவர்களின் கடைகளிலும் உணவகங்களிலும் பல இந்த அளவுக்குள்தான் அடங்கும்.

இந்த வேலைதான் காரணம் என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?

விடலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். மனச்சோர்வு முடிவெடுக்கும் திறனையே பாதிக்கிறது; எதிர்காலத்தின் எல்லாக் கதவுகளும் அடைத்திருப்பதாகக் காட்டுகிறது. அந்தப் பார்வையோடு எழுதும் வேலைவிலகல் கடிதத்தால் சம்பளம், மருத்துவ விடுப்பு, கம்பெனிக் காப்புறுதி, நாளின் ஒழுங்கு ஆகிய நான்கும் ஒரே நாளில் போய்விடும். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, மனம் சற்றுத் தெளிந்தபின்னும் அதே எண்ணம் இருந்தால் அப்போது விலகுங்கள். அது உங்கள் முடிவாக இருக்கும்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. துன்புறுத்தலோ பாலியல் தொல்லையோ நடக்கும் இடத்தில் பொறுத்திருக்கச் சொல்ல முடியாது. வேலையிலிருந்து நியாயமின்றி நீக்கப்பட்டதாக நினைத்தால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். துவண்டு கிடக்கும்போது ஒரு மாதம் விரைவில் ஓடிவிடும் என்பதால், தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் சங்கத்தின் துணையை உடனே நாடுங்கள்.

மாத்திரை தொடங்கினால் வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டுமா? அடிமையாகிவிடுவேனா?

மனச்சோர்வுக்கு இன்று முதலில் தரப்படும் மருந்துகளான ஃபுளுவாக்ஸெட்டின், எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை போதை தருபவை அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதி வரும் என்பதால் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதன்முறை நோய் வந்தவர்கள், நலமடைந்த பிறகும் ஏறத்தாழ ஆறு மாதமேனும் தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கும். திரும்பத் திரும்ப வருபவர்களுக்குக் கூடுதல் காலம் தேவைப்படலாம்.

பலர் கைவிடுவது முதல் மூன்று வாரங்களில். குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம் ஆகிய பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல், ஆகிறது. ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்துபவர்களில் பலர், பலன் தொடங்க இருந்த வாரத்தில் நிறுத்தியிருப்பார்கள். தாம்பத்திய நாட்டம் குறைவதும் அறிந்த பக்கவிளைவு; வெட்கப்பட்டு மறைக்காமல் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்கள். தொடக்க நாள்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடினால், குறிப்பாக 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எல்லாருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. இலேசான நிலையில், சிந்தனைப் போக்கையும் அன்றாடச் செயல்களையும் சீர்படுத்தும் பேச்சுச் சிகிச்சை போதுமானதாக இருக்கலாம். கடுமையான நிலையில் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

கோயில், நேர்த்திக்கடன், பரிகாரம்?

வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவதை எந்த மருத்துவரும் தடுக்கப் போவதில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதும், நாலு பேரைப் பார்ப்பதும், நம்பிக்கையும் பலருக்கு ஆறுதல் தருகின்றன. செய்வினை என்று சொல்லி ஆயிரக்கணக்கான வெள்ளியைப் பிடுங்கிக்கொண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

நான் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

இந்த அச்சத்தை யாரும் அற்பமாகப் பேசக்கூடாது. வேலை அனுமதியை ரத்து செய்யும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் ஊரில் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்ப்பது எந்த விதியையும் மீறுவதல்ல. வெளிநாட்டு ஊழியரின் மருத்துவச் செலவுக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்பது வேலை அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்று. மருத்துவமனைச் சிகிச்சைக்கான காப்புறுதியின் குறைந்தபட்சத் தொகை 2023 ஜூலை முதல் ஆண்டுக்கு 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டிருக்கிறது. கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் இருப்பவர்களுக்கும் தங்கும் விடுதிகளில் இருப்பவர்களுக்கும் 2022 முதல் அடிப்படை மருத்துவப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் மருத்துவரிடம் தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை என்று சொல்லித் தொடங்கலாம்.

முதலாளி வழியாகப் போக அஞ்சுபவர்கள் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு நிறுவனத்தை 3129 5000 என்ற எண்ணில் அழைக்கலாம். வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே 2006 முதல் இயங்கும் அமைப்பு அது. சம்பளம் வரவில்லை, ஓ.டி. பணம் தரவில்லை, காயத்துக்கு இழப்பீடு இழுத்தடிக்கிறார்கள் என்பதுதான் மனப்பாரத்துக்குக் காரணம் என்றால், ஆலோசனையோடு நிற்காமல் அந்தப் பணச் சிக்கலையும் தீர்க்க வேண்டும். அதற்கு வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. கடனாளியிடம் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவது பயன் தராது.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘பணம் எப்ப வரும்’ என்று கேட்கும் அதே அழைப்பில் ‘ராத்திரி தூங்குறியா, என்ன சாப்பிட்ட’ என்றும் கேளுங்கள். ‘நல்லா இருக்கேன்’ என்ற விடைக்குப் பிறகு சற்று நேரம் பேசாமல் காத்திருங்கள்.

வீட்டுப் பணிப்பெண்களுக்கு?

அவர்களுக்கு வேலையிடமும் வீடும் ஒன்றே என்பதால் ஒதுங்கிப் போக இடமே இல்லை. மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளையாவது பணமாக மாற்றாமல் விடுமுறையாகவே தர வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் விதி. இல்லப் பணியாளர் நிலையத்தின் 24 மணி நேர எண் 1800 2255 233. குடும்பத்தோடு பேசக் கைப்பேசியைக் கையில் கொடுப்பது எந்த விதியையும்விட அதிகம் உதவும்.

உடன் வேலை செய்பவருக்கு இப்படி இருக்கிறது என்று சந்தேகம். எப்படிப் பேசுவது?

தனியிடத்தில், நீங்கள் கண்டதை மட்டும் சொல்லித் தொடங்குங்கள். ‘தம்பி, கொஞ்ச நாளா சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடக்கு. ராத்திரியும் முழிச்சுக்கிட்டே இருக்க. என்னப்பா?’ என்று கேட்கும் விடுதி அண்ணன் செய்வது எந்தப் பயிற்சி பெற்றவரும் செய்யும் அதே வேலைதான். ‘உனக்கு டிப்ரஷன்’ என்று பெயர் சூட்ட வேண்டாம். ‘இதுக்கெல்லாம் போய்’, ‘உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா’ என்ற இரண்டும் பேச்சை அந்த இடத்திலேயே முடித்துவிடும்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால், அல்லது அவர் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, கணக்குகளைத் திடீரென்று முடித்துவைப்பது, நாள்கணக்கான கலக்கத்துக்குப் பிறகு காரணமின்றி அமைதியாவது போன்றவை தென்பட்டால், ‘செத்துப் போகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. கேட்டதும் பலருக்குப் பாரம் குறைகிறது. ‘ஆம்’ என்றால் தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருள்களை அகற்றுங்கள், 1767ஐ இருவரும் சேர்ந்து அழையுங்கள், அல்லது புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுக்க வேண்டாம். காவலர்கள் பிடிப்பார்கள் என்ற பழைய பயம் இன்னும் உலவுகிறது. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றமல்ல.

சிறு நிறுவனம் நடத்துகிறேன். மனிதவளப் பிரிவெல்லாம் இல்லை. என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம், பெரும்பாலும் காசில்லாமல். வேலையிட மனநலம் குறித்து 2020 நவம்பரில் வெளியான முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு முதலாளிகளுக்கு நடைமுறை யோசனைகளைத் தருகிறது. ஐவொர்க்ஹெல்த் என்ற இணையக் கருவியை இலவசமாகப் பயன்படுத்தலாம். தனி ஆளின் விடைகளைக் காட்டாமல், நிறுவனத்தில் மன உளைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைத் தொகுத்துக் காட்டும். மிகச் சிறிய கடைக்கு அதுகூடத் தேவையில்லை. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வேலை சொல்லாமல் இருப்பதிலிருந்தும், அடுத்த வார வேலைநேரத்தை முன்கூட்டியே எழுதி ஒட்டுவதிலிருந்தும் தொடங்கலாம்.

ஊழியர் ஒருவர் நோயோடு வந்தால் என்ன நோய் என்று துருவாதீர்கள். ‘எந்த வேலை இப்போது கடினமாக இருக்கிறது, எதை மாற்றினால் எளிதாகும்’ என்று கேளுங்கள். இரவு முறை வேலையைச் சில வாரங்கள் தவிர்ப்பது, ஒரே நேரத்தில் ஐந்து வேலைகள் கொடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் கொடுப்பது, வாடிக்கையாளரை எதிர்கொள்ளும் இடத்திலிருந்து கிடங்குக்கு மாற்றுவது போன்றவை பெரும்பாலும் போதும். பிறரிடம் அவரைப் பற்றி என்ன சொல்லலாம் என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

நீண்ட விடுப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்புபவரை எப்படி ஏற்பது?

முதல் நாளே முழுச் சுமையை ஏற்ற வேண்டாம், சுமையே கொடுக்காமல் உட்கார வைக்கவும் வேண்டாம். வேலையற்று உட்கார வைப்பதை அவர் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார். முதல் இரண்டு வாரங்களுக்குப் பாதி வேலை, அடுத்த இரண்டு வாரங்களுக்கு முக்கால் என்று மருத்துவரின் குறிப்பையொட்டி எழுதி வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். மருத்துவச் சந்திப்புக்கான நேரத்தை அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள், வேலை கூடும்போது முதலில் பறிபோவது அந்த நேரம்தான். மனச்சோர்வு சிலருக்கு மீண்டும் வரக்கூடியது என்பதால், தமக்கு அது எந்த அறிகுறியோடு தொடங்குகிறது என்பதை, அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருவதோ, உணவைத் தவிர்ப்பதோ, அழைப்புகளை எடுக்காமல் இருப்பதோ, ஊழியரே எழுதி வைத்துக்கொண்டு, அதை நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லி வைக்கலாம். அந்த ஒருவர் மேலாளராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.